ஆஸ்பத்திரில இருக்கிறவங்களைப் பார்க்கப் போறது எப்படி? சபையில புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மத்தேயு 25 பிரசங்கம் கேட்டாச்சு, பசியாயிருந்தேன் தாகமாயிருந்தேன் எல்லாம் கேட்டு மனசு உருகியாச்சு, சரி நாமளும் ஏதாவது செய்யணும்னு முடிவும் பண்ணியாச்சு. ஆனா திங்கக்கிழமை காலையில எந்திரிச்சா எங்க போறது என்ன செய்றதுன்னு தெரியல. இந்த நிலைமையில இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். புதுசா ஞானஸ்நானம் எடுத்தவங்க, திடப்படுத்தல் முடிச்ச பசங்க, வாலிபர் ஐக்கியத்துல இப்பதான் சேர்ந்தவங்க, இல்ல இருபது வருஷமா சர்ச்சுக்கு வந்துட்டு கடைசி பெஞ்சுலயே உக்காந்து எந்திரிச்சுப் போனவங்க, யாரா இருந்தாலும் சரி.

என்னைக் கேட்டா ஆஸ்பத்திரி விசிட்டிங்ல ஆரம்பிங்கன்னுதான் சொல்லுவேன். பஸ் காசு தவிர பெரிய செலவு இல்ல, மேடை இல்ல, மைக் இல்ல, பேசத் தெரியாதவங்களுக்கு இன்னும் நல்லாவே வரும். அந்த வசனத்துலயும் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்"னு மட்டும்தான் இருக்கு, குணமாக்கினீங்களா, பில்லைக் கட்டினீங்களான்னு கேக்கல.

யாரைப் பார்க்கப் போகலாம்

முதல் தடவையே பைபிளைத் தூக்கிட்டு ஜி.ஹெச். பொது வார்டுக்குப் போய் கட்டில் கட்டிலா நின்னு பேச ஆரம்பிக்காதீங்க, அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில வியாதியஸ்தர் பேர் வாசிப்பாங்கல்ல, அதுல ஒரே ஒரு பேரை எடுத்துக்கோங்க. யாரை எடுக்கிறதுன்னா, யாரைப் பார்க்க ஆள் போகாதோ அவங்களை. சபை கமிட்டி மெம்பர் அட்மிட் ஆனா ரூம்ல நிக்க இடம் இருக்காது, பழக்கூடை ஜன்னல் வரைக்கும் அடுக்கி இருக்கும். அதே வாரத்துல சர்ச்சைப் பெருக்கி மணியடிக்கிறவரு காய்ச்சல்ல படுத்திருப்பாரு, அவரு படுத்திருக்கிற விஷயமே மணி லேட்டா அடிச்சப்பதான் நமக்குத் தெரியும். பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிற வயசான அம்மா, கல்யாணம் ஆகாத அக்கா, வேற ஊர்ல இருந்து வேலைக்கு வந்த பையன், குடிச்சு ஈரல் கெட்டுப் போனவரு (இவரைப் பார்க்க நிஜமாவே ஒருத்தரும் போக மாட்டாங்க, "அவனா இழுத்துக்கிட்டது"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுருவாங்க). இந்த லிஸ்ட்ல இருந்து ஒருத்தரை எடுங்க.

ஒருத்தர் போதும். அஞ்சு பேர்னு ஆரம்பிச்சா ரெண்டாவது வாரம் நீங்களே காணாம போயிருவீங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு போன்

சொல்லாம கொள்ளாம போய் நிக்கிறது நம்ம ஊர்ல பாசத்துக்கு அடையாளம், தெரியும். ஆனா ஆஸ்பத்திரில அது வேற மாதிரி ஆயிரும். பேஷன்ட்டுக்கு டியூப் போட்டிருக்கலாம், நைட்டி சரியா இல்லாம இருக்கலாம், ரெண்டு நாளா தூங்காம அப்பதான் கண்ணசந்திருக்கலாம். கூட இருக்கிறவங்களுக்குப் போன் பண்ணி, "நாளைக்கு சாயங்காலம் வரட்டுமா, இல்ல வீட்டுக்கு வந்தப்புறம் பார்க்கட்டுமா"ன்னு கேளுங்க. இப்ப வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, அவங்க வேண்டாம்னு சொல்ற அளவுக்கு உங்ககிட்ட ஃப்ரீயா இருக்காங்கன்னு எடுத்துக்கோங்க.

அதே போன்ல இன்னொரு கேள்வியும் கேட்டுருங்க: வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்? பர்திமேயு கண் தெரியாம வழியோரம் உக்காந்து கத்துறாரு, அவருக்கு என்ன வேணும்னு கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் இயேசு அவரைக் கூப்பிட்டு நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. நாம என்னடான்னா கேக்காமலே ஹார்லிக்ஸ் வாங்கிருவோம். ஒரு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்க அலமாரியைத் திறந்து பாருங்க, ஹார்லிக்ஸ் பாட்டிலா நிக்கும், அந்த வீட்டுல எல்லாருக்கும் சுகர்.

விளையாட்டா சொல்லல, சில சாமான் நிஜமாவே ஆபத்து. டயாலிசிஸ் பண்றவங்களுக்கு இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க, பொட்டாசியம் ஏறுனா இதயத்துக்கே பிரச்சினை ஆயிரும். நாம பாசமா இளநீரை வெட்டி பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போவோம், அவங்களும் மறுக்க முடியாம ரெண்டு வாய் குடிப்பாங்க. கீமோ ஓடிட்டு இருக்கிறவங்களுக்கு எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மி, வெளிய வெட்டி விக்கிற பழம், பூங்கொத்து ரெண்டும் வேண்டாம், உங்களுக்கு லேசா சளி இருந்தாலும் அன்னைக்கு போகவே வேண்டாம். அதனால கேட்டுட்டே வாங்குங்க. பெரும்பாலும் என்ன சொல்லுவாங்கன்னா சார்ஜர் வயர், ஒரு ஃபிளாஸ்க், துவைச்ச லுங்கி, கொசுவத்தி. வாங்கிக் குடுக்கவே நமக்கு ஒரு மாதிரி இருக்கும், இதெல்லாம் ஒரு பொருளான்னு. அவங்களுக்கு அன்னைக்கு அதுதான் வேணும்.

இந்த விஷயத்துல வேலூர் சி.எம்.சி.ல இருந்த பால் பிராண்ட் டாக்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விரல் உதிரும்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம், 1940-கள் கடைசி. அவரு உக்காந்து ஒவ்வொரு கையா காலா பார்த்து, உணர்ச்சி இல்லாததால கல்லு குத்துறதும் சூடு படுறதும் தெரியாமத்தான் புண்ணாகி விரல் போகுதுன்னு காட்டினாரு. மடங்கிப் போன விரலை ஆபரேஷன் பண்ணி நிமித்தினதோட விடல, புண்ணு வராத மாதிரி மெத்துனு ரப்பர் செருப்பு செய்யவும் ஏற்பாடு பண்ணாரு. தொழுநோயாளிங்க மேல பரிதாபப்பட்டவங்க அதுக்கு முன்னாடியும் எத்தனையோ பேர் உண்டு, செருப்பு வேணும்னு கண்டுபிடிக்கிறதுக்கு அந்தக் காலைக் கையில எடுத்துப் பார்க்க வேண்டியிருந்துச்சு.

உள்ள போனதும்

பத்து நிமிஷம், மிஞ்சிப் போனா கால் மணி நேரம். கட்டில்ல உக்காராதீங்க, ஸ்டூல் இருந்தா இழுத்துப் போட்டு உக்காருங்க. நின்னுக்கிட்டே பேசினா அவங்க அண்ணாந்து பார்க்கணும், அதோட நீங்க எப்படா கிளம்பலாம்னு நிக்கிற மாதிரியும் இருக்கும். போனை சைலன்ட்ல போட்டு பைக்குள்ள வச்சிருங்க. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. கையைக் கழுவிட்டுப் போங்க, வந்தும் கழுவுங்க.

என்ன பேசுறது? இங்கதான் புதுசா போறவங்க ரொம்ப பயப்படுறீங்க. யோபுவைப் பார்க்க வந்த மூணு ஃப்ரெண்ட்ஸ் கதை தெரியும்ல. ஏழு நாள், ராத்திரி பகலா, அவரோட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அது வரைக்கும் அவங்களை மாதிரி விசிட்டர் உலகத்துலயே கிடையாது. எட்டாவது நாள் வாயைத் திறந்தாங்க, நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப, யோசிச்சுப் பாருன்னு ஆரம்பிச்சு பக்கம் பக்கமா பேசி, கடைசில யோபு வெறுத்துப் போய் "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்"னு சொல்ற அளவுக்கு ஆக்கிட்டாங்க. அதனால பேச வரலைன்னா கவலைப்படாதீங்க, அது உங்களுக்கு ஒரு குறையே கிடையாது.

ஆனா சில வாக்கியம் இருக்கு, அதை மட்டும் வாசல்லயே விட்டுட்டுப் போங்க. "ஆண்டவர் சோதிக்கிறாரு", "ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கான்னு பாருங்க", "விசுவாசம் இருந்தா எந்திரிச்சு நடப்பீங்க", "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசத்துல போயிட்டாரு", "அந்த டாக்டர்கிட்டயா காட்டுறீங்க?", "முன்னாடியே பார்த்திருக்கலாமே". குழந்தை கலைஞ்சு போன பொண்ணுகிட்ட "இன்னொண்ணு தருவாரு"ன்னு சொல்றது, இதைச் சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா அந்தப் பொண்ணு அதை வருஷக்கணக்கா மறக்காது. முக்கியமா மாத்திரையை நிப்பாட்டுங்க ஜெபம் போதும்னு யாராவது சொன்னாலோ, நீங்களே சொல்லணும்னு தோணுனாலோ, அங்கயே நிறுத்திக்கோங்க. ஒருத்தர் உயிரோட விளையாடுறதுக்கு விசுவாசம்னு பேர் வைக்க முடியாது.

அதுக்குப் பதிலா "நைட்டு தூங்குனீங்களா?" "வலி எங்க இருக்கு?" "டாக்டர் இன்னைக்கு வந்தாரா?" இந்த மாதிரி சாதாரணமா கேளுங்க. அவங்க அழுதா அழட்டும், "அழாதீங்க அழாதீங்க"ன்னு அதட்டாதீங்க. ரோமர் 12-ல அழுகிறவங்களோட அழுங்கன்னுதான் இருக்கு. சிலர் நோயைப் பத்திப் பேசவே மாட்டாங்க, கிரிக்கெட் ஸ்கோர் கேப்பாங்க, தென்னை மரத்துக்கு தண்ணி விட்டாங்களான்னு கேப்பாங்க. அதையே பேசுங்க.

ஜெபம்

பண்ணட்டுமான்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. கேக்கிறப்ப அவங்க "வேண்டாம்"னு சொல்றதுக்கு இடம் இருக்கிற மாதிரி கேளுங்க. ஏற்கெனவே கண்ணை மூடி கையைத் தூக்கிட்டு "ஜெபிக்கலாமா"ன்னு கேட்டா அது கேள்வியே இல்ல. சத்தமா வேண்டாம், பொது வார்டுல பக்கத்துக் கட்டில்ல இன்னொருத்தர் வலியில முனகிட்டு இருப்பாரு, அவருக்கு வேற சாமியா இருக்கும். ரெண்டு நிமிஷம் போதும். மூச்சு வாங்குறவங்க பக்கத்துல நின்னு ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வெளிப்படுத்தல் வரைக்கும் போற ஜெபம் நான் பார்த்திருக்கேன், பேஷன்ட் பாவம் பாத்ரூம் போகணும்னு சொல்ல முடியாம ஆமென் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க.

வேற மதத்துக்காரங்களைப் பார்க்கப் போறீங்கன்னா, அவங்களா கேட்டா மட்டும் ஜெபம் பண்ணுங்க, கைப்பிரதியை தலையணைக்கு அடியில வச்சுட்டு வர்ற வேலையெல்லாம் வேண்டாம். உடம்பு முடியாம படுத்திருக்கிறவரால எந்திரிச்சுப் போக முடியாது, அந்த நிலைமையில இருக்கிறவர்கிட்ட பிரசங்கம் பண்றது எனக்குச் சரியா படல. நல்ல சமாரியன் கதையில அடிபட்டுக் கிடந்தவன்கிட்ட ஒரு வார்த்தை உபதேசம் கிடையாது. எண்ணெயும் திராட்சரசமும் ஊத்தி, காயம் கட்டி, தன்னோட மிருகத்து மேல ஏத்தி, சத்திரத்துக்குக் கொண்டு போனான், அவ்வளவுதான். அதுவும் யூதருக்கும் சமாரியருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத காலத்துல.

கூட இருக்கிறவங்களை மறந்துராதீங்க

உண்மையைச் சொன்னா நான் இவ்வளவு நேரம் சொன்னதை விட இதுதான் முக்கியம். பேஷன்ட்டை நர்ஸ் பார்த்துக்குவாங்க, டாக்டர் பார்த்துக்குவாரு. அட்டெண்டரா இருக்கிற மனைவியை, மகளை, அண்ணனை யார் பார்க்குறா? ஜி.ஹெச். வராண்டாவுல நியூஸ்பேப்பர் விரிச்சுப் படுத்துக்கிட்டு, செக்யூரிட்டி வந்து எழுப்பி விட்டா எந்திரிச்சு நின்னு, காலையில பிளட் டெஸ்ட் ரிசல்ட் வாங்க ஒரு பிளாக், மருந்து வாங்க இன்னொரு பிளாக், ஸ்கேன் டேட் வாங்க மூணாவது பிளாக்னு ஓடி, மத்தியானம் சாப்பாட்டை மறந்து, நாலு நாளா ஒரே சேலையில இருப்பாங்க. வர்றவங்க எல்லாரும் இவங்ககிட்டதான் முழுக் கதையையும் கேப்பாங்க, இவங்களும் முதல் நாள் மயங்கி விழுந்ததுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தருக்கா ஒப்பிக்கணும்.

அதனால புதுசா போறவங்க எடுக்க வேண்டிய முதல் பெரிய ஸ்டெப் என்னன்னா, "நான் மூணு மணி நேரம் இங்க உக்காந்திருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க"ன்னு சொல்றது. பொதுவா ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு அட்டெண்டர் பாஸ்தான், அதை மாத்தி வாங்கிட்டு உக்காருங்க. பெண்கள் வார்டுல ராத்திரி ஆம்பளைங்களை விட மாட்டாங்க, அதனால ராத்திரி மாத்தி இருக்க சபையில இருக்கிற அக்காமார் யாராவது வேணும். "ஏதாவது உதவின்னா சொல்லுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, யாரும் சொல்ல மாட்டாங்க, கேக்கக் கூச்சமா இருக்கும். "புதன்கிழமை மத்தியான சாப்பாடு நான் கொண்டு வர்றேன், பசங்களை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துர்றேன்"னு கிழமை சொல்லி வேலை சொல்லிக் கேளுங்க. சொன்ன புதன்கிழமை மழை பெஞ்சாலும் போங்க. யாக்கோபு எழுதினதுல "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால மட்டும் சொல்றவங்களைப் பத்தி வருதே, "ஜெபத்துல தாங்குறோம்"னு சொல்லிட்டு லிஃப்டைப் பிடிக்கிறதும் அதே கணக்குதான்.

இதுக்கெல்லாம் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கணும். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டு ஆம்பளைங்க வந்து, பிரசவத்துல தவிக்கிற மனைவியைப் பார்க்க லேடி டாக்டர்தான் வேணும், ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க, விடிஞ்சா அந்த மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க. அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அழுதுட்டு விட்டுடல, அமெரிக்கா போய் வருஷக்கணக்கா டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து 1900-ல ஒரே ஒரு படுக்கையோட வேலூர்ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு இருக்கிற சி.எம்.சி. நாம டாக்டருக்குப் படிக்க வேண்டாம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எப்படி வேலை செய்யுதுன்னாவது படிக்கலாம்ல?

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஜி.ஹெச்.லயும் திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் சிகிச்சை உண்டு. கார்டு இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மையத்துக்குப் போகணும். சந்தேகம்னா 1800 425 3993-க்குப் போன் பண்ணிக் கேக்கலாம். கார்டு இருந்தும் எங்க காட்டணும்னு தெரியாம நகையை அடகு வைக்கிற குடும்பம் நிறைய. நீங்க ஒரு தடவை அந்த கவுன்ட்டர் வரைக்கும் கூடப் போய் நின்னா போதும், அது ஒரு மணி நேர ஜெபக்கூட்டத்துக்குக் குறைஞ்சது இல்லன்னு நான் சொல்லுவேன், பாஸ்டர் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

ரத்தமும் அப்படித்தான். 18-ல இருந்து 65 வயசு, எடை 45 கிலோவுக்குக் குறையாம, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா குடுக்கலாம், ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை. வாலிபர் ஐக்கியத்துல யாருக்கு என்ன குரூப்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. ராத்திரி பதினோரு மணிக்கு "ஓ நெகட்டிவ் அவசரம்"னு போன் வர்றப்ப அந்த நோட்டோட அருமை தெரியும்.

பணம்

குடுக்கிறதா இருந்தா கவர்ல போட்டு, கூட இருக்கிறவங்க கையில, யாரும் பார்க்காதப்ப. குடுத்துட்டு அதைப் பத்தி மறுபடி பேசாதீங்க. போட்டோ கூடவே கூடாது. நாலு பேர் கட்டிலைச் சுத்தி நின்னு, ஒருத்தர் கவரை நீட்ட, பேஷன்ட் டிரிப்ஸ் போட்ட கையால அதை வாங்க, இன்னொருத்தர் கிளிக் பண்ண, அது சாயங்காலமே சபை வாட்ஸ்அப் குரூப்ல வந்துருது. அந்த வீட்டுப் பிள்ளைங்க அதைப் பார்ப்பாங்கன்னு ஒருத்தருக்கும் தோணாதா? வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு மத்தேயு 6-ல சொன்னப்ப செல்போன் இல்ல, இருந்திருந்தா அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாரு.

கடனா குடுக்குறீங்களா, சும்மா குடுக்குறீங்களான்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போங்க. "இருக்கும்போது குடுங்க"ன்னு இழுத்துக் குடுத்துட்டு அப்புறம் அவங்க பொண்ணுக்கு கம்மல் வாங்குனதை வச்சு மனசுக்குள்ள கணக்குப் போடுறதை விட, குறைச்சலா இருந்தாலும் திரும்பி வராதுன்னு நினைச்சுக் குடுக்கிறது உங்களுக்கே நிம்மதி. சமாரியன் சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் குடுத்தான். அந்தக் காலத்துல ஒரு நாள் கூலி ஒரு பணம், அப்படின்னா ரெண்டு நாள் கூலி. சொத்தை வித்துக் குடுக்கல பாருங்க. ரெண்டு நாள் கூலியைக் குடுத்துட்டு, மேல செலவானா திரும்பி வர்றப்ப தர்றேன்னான். அந்தத் திரும்பி வர்றதுதான் நம்மகிட்ட இல்லாதது. தனியா முடியலைன்னா நாலு பேரா சேர்ந்து மாசம் நூறு இருநூறு போட்டு வைக்கலாம். நம்ம அம்மா பாட்டி எல்லாம் சமைக்கிறப்ப ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வச்சு சர்ச்சுக்குக் கொண்டு வந்தாங்கல்ல, அதே பழக்கம்தான்.

மூணாவது வாரம்

முதல் வாரம் எல்லாரும் வருவாங்க. மூணாவது வாரம் வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, அப்பதான் மருந்துச் செலவு, தையல் பிரிக்கப் போறது, பிசியோதெரபி, ரிவியூ எல்லாம் ஆரம்பிக்கும். காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க, டிஸ்சார்ஜ் ஆன தேதியில இருந்து மூணு வாரம் தள்ளி. அன்னைக்குப் போங்க. யவீரு மகளை எழுப்பினப்புறம், வீடே வாயைப் பொளந்துட்டு நிக்குது, இயேசு என்ன சொன்னாரு, பிள்ளைக்கு சாப்பிட ஏதாவது குடுங்கன்னாரு. அற்புதம் நடந்த வீட்டுலயும் ஒருத்தர் அடுப்பைப் பத்த வைக்கணும்.

நமக்குப் பிடிக்காதவரு அட்மிட் ஆகியிருந்தா

இரக்கம்னு பிரசங்கத்துல கேக்க நல்லா இருக்கும், சபை எலெக்‌ஷன்ல எதிரணியில நின்னு உங்க அப்பாவைப் பத்தி நோட்டீஸ் அடிச்சவரு ஐ.சி.யூ.ல இருக்காருன்னு கேள்விப்படுறப்பதான் அது என்ன விலைன்னு தெரியும். மத்தேயு 18-ல பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவன் கழுத்தைப் பிடிக்கிறான். எல்லாரும் நூறு பணம்னா ஏதோ சில்லறைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நூறு நாள் கூலிங்க அது. இன்னைக்குக் கூலி 700-ன்னு வச்சா 70,000 ரூபா. அதனால உங்களுக்கு அவரு செஞ்சது சின்ன விஷயம்னு நான் சொல்ல வரல, கதையும் அப்படிச் சொல்லல. ஒரு தாலந்துக்கு 6,000 பணம், பதினாயிரம் தாலந்துன்னா 6 கோடி நாள் கூலி. அதைப் பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொல்லுது.

நேரா போய் நிக்காதீங்க. அவரு வீட்டுக்காரம்மாகிட்டயோ மகன்கிட்டயோ "நான் வந்தா அவருக்குச் சங்கடமா இருக்குமா?"ன்னு முதல்ல கேளுங்க. வரச் சொன்னா போய், பழசைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்காதீங்க. ஆக்ஸிஜன் மாஸ்க்ல இருக்கிறவர்கிட்ட "நான் உங்களை மன்னிச்சிட்டேன்"னு சொல்றது குத்திக் காட்டுற மாதிரிதான் கேக்கும். நீங்க மன்னிப்புக் கேக்கணும்னாலும் அவரு எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் பொறுங்க. வரச் சொல்லலையா, மகனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கேன்டீன்ல வாங்கிக் குடுத்துட்டுத் திரும்பி வாங்க.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். புருஷன் அடிச்சு கை உடைஞ்சு வந்து "பாத்ரூம்ல வழுக்கிருச்சு"ன்னு சொல்ற பொண்ணுகிட்ட போய் மன்னிச்சு ஏத்துக்கோம்மான்னு சொல்றது இரக்கம் இல்ல. தனியா இருக்கிறப்ப, வீட்டுக்குப் போக பயமா இருக்கான்னு கேளுங்க. 181-ன்னு பெண்களுக்கான உதவி நம்பர் இருக்கு, மாவட்டத்துல சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு. பிள்ளைங்க விஷயம்னா 1098. வாழவே பிடிக்கலைன்னு யாராவது சொன்னா வசனம் தேடிக்கிட்டு இருக்காம 14416-க்கோ 104-க்கோ அவங்க கூட உக்காந்தே போன் போடுங்க, தனியா விட்டுட்டு வராதீங்க. இதெல்லாம் நம்ம கையை மீறின விஷயம், மீறினதுன்னு தெரிஞ்சுக்கிறதும் வேலைதான்.

ரோட்டுல அடிபட்டவங்க

இதை எழுதாம விட்டா சமாரியன் கதையைச் சொன்னதுக்கே அர்த்தம் இல்ல. போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயந்து வண்டியைத் திருப்பிட்டுப் போற காலம் முடிஞ்சுது. 2016-லயே சுப்ரீம் கோர்ட் இது சம்பந்தமான விதிமுறைகளுக்கு ஒப்புதல் குடுத்துருச்சு, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவைச் சேர்த்து, நல்ல மனசோட உதவி பண்றவங்க மேல சிவில் கேஸோ கிரிமினல் கேஸோ வராதுன்னு சட்டமே ஆக்கிட்டாங்க. அந்தச் சட்டத்துல உதவி பண்றவருக்கு வச்ச பேரே நல்ல சமாரியன்தான். பேர் அட்ரஸ் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டுல 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும். 108-க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க, கழுத்தைத் திருப்பாதீங்க, தண்ணி குடுக்காதீங்க, கூட்டத்தை விலக்குங்க. அவங்க போன்ல கடைசியா பேசின நம்பருக்குப் போன் பண்ணி வீட்டுக்கு நிதானமா சொல்லுங்க.

பார்க்கப் போனவரு இறந்துட்டா

நடக்கும். நிறைய விசிட் போனா கண்டிப்பா நடக்கும், உங்க ஜெபம் சரியில்லைன்னு அர்த்தம் இல்ல. அடக்க ஆராதனை அன்னைக்கு சேர் போடுறதுக்கும் டீ குடுக்கிறதுக்கும் நிறைய ஆள் இருப்பாங்க, அங்க நீங்க ஒரு ஓரமா நின்னாலே போதும். அவங்களுக்கு ஆள் இல்லாம போறது அதுக்கப்புறம், ஆபீஸ் ஆபீஸா அலையுறப்பதான். இறப்பை 21 நாளைக்குள்ள பதிவு பண்ணிடணும், தள்ளிப் போனா ஃபைன், அலைச்சல். ஆஸ்பத்திரில இறந்திருந்தா அவங்களே பதிவுக்கு அனுப்பிருவாங்க, ஆனா பேரோட ஸ்பெல்லிங் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு ஒருத்தர் பார்க்கணும், ஒரு எழுத்து மாறினாலும் பேங்க்ல திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் வாரிசு சான்றிதழ், எல்.ஐ.சி., பேங்க் அக்கவுண்ட், தகுதி இருந்தா விதவை உதவித்தொகை. அந்த அம்மா அது வரைக்கும் பேங்க் ஃபார்மே நிரப்பாதவங்களா இருப்பாங்க. ஒரு நாள் லீவு போட்டு கூடப் போங்க. இறப்புச் சான்றிதழ், ரெண்டு பேரோட ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், போட்டோ நாலு, எல்லாத்துலயும் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, இ-சேவை மையத்துக்கு காலையிலயே போயிருங்க, மத்தியானத்துக்கு மேல சர்வர் படுத்துரும்.